எட்டு இதழும் ஐந்து தையலும்

எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு. ஆடு மேய்க்கிறவள் ஆடு மேய்ப்பாள். சாமை குத்துகிறவள் சாமை குத்துவாள். ஒன்றுக்கும் ஆகாதவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வேலையில் குற்றம் சொல்வான். அதுவும் ஒரு வேலைதான், காலையில் நேரம் தவறாமல் வந்துவிடுவான். என் வீட்டை ஒட்டிய அறையில் இரண்டு வருஷம் குடியிருந்த அந்த அம்மாவுக்கு என்ன வேலை என்பதுதான் ஊருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

என் நிலத்தின் மூலையில் மழைத்தண்ணீருக்காக வெட்டிய குட்டை ஒன்று இருக்கிறது. அதன் கரையில் பலகை ஒன்றைப் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படித்தவள்தான், காலேஜில் பாடம் சொன்னவள்தான். ஆனால் என்னைவிட இருபது வயது சின்னவள், என் கையால் தின்றவள். அதனால் அவள் என்றே சொல்கிறேன்.

போகிற வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இன்னாம்மா பண்ணினு கீறீங்க?"

"பாத்துனு இருக்கேங்க."

"எத்த?"

"தண்ணிய."

கேட்டவர் தண்ணீரைப் பார்ப்பார். அதில் ஒன்றும் இருக்காது. பிறகு என்னைப் பார்ப்பார், இவளுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல. "பாத்துனு இருக்கிற அம்மா" என்றே பெயர் நின்றுவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

அவள் முதன்முதலில் வந்தபோது ஜமுனாமரத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, கழுத்தில் கயிற்றில் தொங்கிய மூக்குக் கண்ணாடி. ஒடுகத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிற வீட்டுப் பெண் என்று சொன்னாள். வாடகைக்கு இடம் கேட்கிறவர்கள் கக்கூஸ் எங்கே, கரண்ட் நிற்குமா என்று கேட்பார்கள். இவள் குட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல மீன் கீதா?" என்றாள்.

"இல்ல. வுட்டா கொக்கு துன்னுட்டுப் போய்டுது."

அவள் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதுக்கா."

மீன் இல்லை என்பதற்கு மகிழ்கிற மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். காலேஜ் வேலையாகத் தண்ணீரில் எதையோ விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"ஏம்மா, ஒங்க காலேஜ்ல தொட்டி கெடையாதா? இம்மாந்தூரம் மல ஏறி வரணுமா?"

"பெரிய தொட்டியே கீதுக்கா. ஆனா போறவன் வர்றவன்லாம் கை வக்கிறான்."

அவளுடைய முழுக் குணமும் அந்த ஒரு பேச்சில் இருந்தது. எதிலும் கை வைக்கக் கூடாது. நடப்பதை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அவளுக்கு இரண்டே மந்திரம். ஒன்று, "கை வைக்காதீங்க". இன்னொன்று, "இருங்க, பாப்போம்".

ஒருமுறை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பால் பொங்கி, அடுப்பை அணைத்து, தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"பாத்துக்கோன்னு சொன்னேனே!"

"பாத்தேனேக்கா. நடுவுல ஏறுது, ஓரத்துல எறங்குது. ஓரம் மடங்கி உள்ள போவுது பாருங்க, அது அழகு."

நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் ஓடவில்லை. நான் கரண்டியை எப்படி ஓங்குகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொருமுறை மழை விட்ட மறுநாள். குட்டைக் கரையில் கால் வழுக்கி இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் விழுந்தேன். அவள் இரண்டு முழ தூரத்தில் இருந்தாள்.

"கை குடுடி!" என்று கத்தினேன்.

"ஒரே நிமிஷம்கா. நீங்க வுழுந்த எடத்துல தண்ணி வளையம் வளையமா சுருண்டுகினு போவுது…"

அந்த வளையம் கரையில் முட்டி அடங்கிய பிறகுதான் கை கொடுத்தாள். நான் அன்று அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் இந்தத் தாள் தாங்காது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் புடவையை அலசிக் காயப்போட்டாள். கோபப்படத் தெரியாது அவளுக்கு. எலும்பே இல்லாதவள் மாதிரி, யார் தள்ளினாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் வளைந்துவிட்டுப் பழையபடி நிற்பாள்.

எலும்பில்லாத ஒன்றின் பின்னால்தான் அவள் வாழ்க்கையே போனது. கடலில் சொறிமீன் என்று ஒன்று இருக்கிறதாம். மீன் என்று பெயரே தவிர மீன் இல்லை. காலேஜில் படிக்கும்போது சுற்றுலா கூட்டிப்போனார்களாம். அதுதான் அவள் முதல் கடல். கூட வந்த பெண்களெல்லாம் அலையில் ஓடிக் குதிக்க, இவள் மணலில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சொறிமீன் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடி மாதிரி, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்ததாம். அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகிறவரை பார்த்தாளாம். எழுந்து திரும்பினால் பஸ் போய்விட்டிருந்தது.

"அப்பா வந்து கூட்டினு போனாருக்கா. வழியெல்லாம் திட்டினாரு."

"திட்டாம? கொஞ்சுவாரா?"

அந்தச் சொறிமீன் மாதிரியே ஒன்றைக் கையால் செய்து தண்ணீரில் நீந்தவிடுவதுதான் அவள் வேலை. தண்ணீர் கெட்டிருக்கிறதா, நல்லதா என்று அதனுள்ளே போய்ச் சத்தமில்லாமல் சோதித்துவிட்டு வர அப்படி ஒன்று உதவுமாம். நண்டும் மீனும் பயப்படாதாம்.

அறைச் சுவரில் கரித்துண்டால் விதவிதமாக வரைந்து வைத்தாள். சுண்ணாம்பு அடித்து ஆறு மாதம்கூட ஆகாத சுவர். நான் சண்டைக்குப் போனேன். போனவள் படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒன்று இட்லித் தட்டு மாதிரி சப்பையாக இருந்தது. ஒன்று கோயில் மணி மாதிரி நீளம். ஒன்று நாலு மூலையோடு பெட்டி மாதிரி. அதுதான் ரொம்பப் பொல்லாததாம், பட்டால் உயிர் போகுமாம். ஒன்று தலைகீழாகத் தரையில் படுத்து, கையையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னா இப்டிக் கெடக்குது?"

"அது சாதியே அப்டித்தான்கா. மல்லாந்து படுத்துனு வெயில் காயும். எங்கியும் போவாது."

அறை வாசலில் என் மருமகள் கட்டிலில் மல்லாந்து, போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நான் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "அத்தே, இன்னா சிரிக்கிறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

சொறிமீனுக்கு எலும்பு இல்லை, மூளை இல்லை, நெஞ்சும் இல்லை. தின்பதற்கும் கழிப்பதற்கும் ஒரே ஓட்டைதான். இதை அவள் சொன்னபோது நான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தேன். அப்படி ஒருவனை எனக்குத் தெரியும், தேர்தலுக்குத் தேர்தல் கும்பிட்டுக்கொண்டு வருவான்.

அவள் செய்வது அவ்வளவு லேசில் வரவில்லை. இரண்டு டின்னில் பசை மாதிரி ஏதோ கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் கலந்து ஊற்றி வைத்தால் மறுநாள் ரப்பராக இறுகும். முதலில் என் குழம்புச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வார்த்தாள். அந்தச் சட்டியில் அதற்குப் பிறகு என்ன வைத்தாலும் சைக்கிள் கடை வாசனை. ரப்பருக்குள் மயிர் மாதிரி கம்பிகள் போகும். மின்சாரம் பட்டால் கம்பி சுருங்கும், நின்றால் தளரும். நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு டப்பி, அதில் பேட்டரி.

முதலாவது போட்டதும் முழுகியது. இரண்டாவது தலைகீழாக மிதந்தது. மூன்றாவதை நண்டு கடித்தது. நண்டு பயப்படாது என்று சொன்னது மட்டும் உண்மையாகிவிட்டது. ஒவ்வொன்று சாகும்போதும் நான் ஓடிப்போய் எடுக்கப் போவேன். "கை வைக்காதீங்கக்கா. எப்டி சாவுதுன்னு பாப்போம்" என்பாள். பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல எனக்குக் கூசும். அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

ஆறாவதோ ஏழாவதோதான் ஓடியது. சுருங்கும், ஒரு விரற்கடை முன்னால் போகும். பிறகு சும்மா இருக்கும். எனக்கு அந்தச் சும்மா இருக்கிறது பொறுக்காது.

"ஏம்மா, நின்னு நின்னு போவுதே. நிக்காம போகச் சொல்லக் கூடாதா?"

"நிக்கலக்கா. நல்லா பாருங்க. சுருங்கும்போது ஒரு தள்ளு. அப்புறம் ஒடம்பு தானா விரியுது பாருங்க, அப்ப இன்னொரு தள்ளு. அந்த ரெண்டாவது தள்ளுக்கு ஒரு செலவும் கெடையாது. சும்மா இருக்கும்போதும் முன்னால போவும். நிஜச் சொறிமீனு அப்டித்தான் போவுது. அவசரப்பட்டு உடனே சுருக்கினா அது போய்டும்."

"சும்மா இருந்துனே முன்னால போறவங்க எங்க ஊர்லயும் கீறாங்க. அவுங்களையும் நோட்ல எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாளோ என்னவோ. அவளிடம் கிண்டல் செய்வது தண்ணீரைக் குத்துவது மாதிரி, கைக்குத்தான் வலி.

இரண்டாவது வருஷம் முடிகிற நேரத்தில் காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்று அவள் டீயில் உப்பைப் போட்டுக் குடித்தாள், குடித்ததும் தெரியவில்லை. நான்தான் கேட்டேன், என்ன சேதி என்று. அடுத்த வாரம் பெரிய சாரும் இன்னொரு அம்மாவும் பார்க்க வருகிறார்களாம். குட்டையின் இந்தக் கரையில் விட்டால், யாரும் தொடாமல், அது தானாக அந்தக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் இன்னும் இரண்டு வருஷம் இந்த வேலை அவளுக்கு.

"சேரலன்னா?"

"வேற ஆளுங்க கைக்குப் போய்டும்கா. அவுங்க இதுக்குப் பின்னால விசிறி வச்சு மோட்டார்ல ஓட்டப் போறாங்களாம். நான் பழையபடி வகுப்புக்குப் போவணும்."

"விசிறி வச்சா வேகமா போவுமில்ல?"

"போவும்," என்றாள். "அப்ப அது சொறிமீன் இல்லக்கா. தொப்பி போட்ட மோட்டாரு."

அந்த வாரம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக எதையோ வார்த்தாள். அவள் குட்டைக் கரையில் உட்காராத ஒரே வாரம் அதுதான். பலகை மேல் ஓணான் உட்கார்ந்திருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் கோழியும் காய்கறியும் வாங்க ஜமுனாமரத்தூர் போனாள். போகும்போது, "தொட்டியில ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். கை வைக்காதீங்கக்கா" என்றாள். அவள் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்கிற மாதிரி அது. யார் காதில் வாங்கினார்கள்?

நான் மறுநாள் விருந்துக்கு மந்தாரை இலை தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று முறை இரண்டு உண்டு. என் மாமியார் காலத்தில் இருந்து இன்றுவரை மாறவில்லை. ஒன்று, கிழிந்த இலையை விருந்தாளி முன்னால் போடக் கூடாது. சின்னப் பிளவு இருந்தாலும் தைத்துத்தான் போட வேண்டும். இரண்டு, வீட்டுக்குப் பெரியவள் "கை கழுவுங்க" என்று சொல்லாமல் இலையை விட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது. மந்திரியே வந்தாலும் சரி.

தைத்துக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தொட்டியில் புதியது கிடந்தது. உள்ளங்கை அகலம்தான். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் முழுசான கிண்ணமாக இருந்தன. இது ஓரமெல்லாம் கிழிந்து கிடந்தது. எட்டு இடத்தில் கிழிசல். எட்டு இதழ் மாதிரி தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

நண்டுதான் என்று நினைத்தேன். அல்லது எலி. பாவி, ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது, நாளைக்கு ஆள் வருகிறது, இது தெரியாமல் கோழி வாங்கப் போயிருக்கிறாளே. வந்து பார்த்தால் இதையும் "எப்டி கிழிஞ்சிதுன்னு பாப்போம்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளை நம்பிப் பயனில்லை.

கோணி ஊசியை விட்டுவிட்டு மெல்லிசு ஊசியாக எடுத்தேன். நைலான் நூல் கோத்தேன். இலைத் தையல்தான், ஆனால் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நுணுக்கமாகத் தைத்ததில்லை. வழுக்குகிற பொருள், ஈரம் வேறு. ஒரு கிழிசலுக்கு ஏழு எட்டுத் தையல். ஐந்து கிழிசலை மூடியபோது நூல் தீர்ந்துவிட்டது. மருமகளைக் கேட்டால், "நூலா? எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள், மல்லாந்தபடியே. மீதி மூன்றை விட்டுவிட்டேன். அதுவரை சேதமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். வந்ததும் கோழியை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். நானும் சொல்லவில்லை. காலையில் தானே பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லிக் காட்டி வாங்குகிற பாராட்டு எனக்குப் பிடிக்காது.

காலையில் தொட்டியிலிருந்து எடுத்தாள். திருப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி திருப்பினாள். தையல் மேல் விரலை ஓட்டினாள், ஒவ்வொரு தையலாக, ஐந்து கிழிசலிலும். நான் வாசற்படியில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தையலு நல்லா கீதுக்கா," என்றாள்.

"நம்ம வூட்டுத் தையலாச்சே."

அப்போது கீழே ஜீப் ஹாரன் கேட்டது.

கத்தரிக்கோல் அவள் எட்டுகிற தூரத்தில்தான், ஜன்னல் கட்டையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அப்படியே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு குட்டைக்கு நடந்தாள்.

பெரிய சார் நல்ல உயரம். கூட வந்த அம்மா கையில் நோட்டு. இவள் குட்டைத் தண்ணீரில் அதை மெல்ல விட்டாள். சுருங்கியது, விரிந்தது. முன்னால் போகும் என்று எல்லாரும் எதிர்க்கரையைப் பார்த்தோம். அது இடது பக்கம் திரும்பியது. இன்னும் திரும்பியது. ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மறுபடி சுற்றியது.

"என்னம்மா, செக்கு மாடு செஞ்சு வச்சிருக்கீங்க?" என்று சார் சிரித்தார். நோட்டு அம்மாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வெற்றிலையோடு அடக்கிக்கொண்டேன். அவள் மட்டும் பலகையில் குந்திக்கொண்டு, எதையோ கண்டுபிடித்தவள் மாதிரி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிழைப்பு அங்கே சுற்றிச் சுற்றித் தலைசுற்றிக் கிடக்கிறது என்ற நினைப்பே இல்லை.

சார் குனிந்து அதை எடுத்தார். புரட்டினார். சிரிப்பு நின்றது.

"இது என்ன? பிளவை எல்லாம் யார் தச்சது? இதழ் மடங்கவே மடங்காதே. இந்தப் பக்கம் முழுக்க விறைச்சுப்போச்சு."

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. கிழிசல் இல்லை அது. அவளே விட்டு வைத்த பிளவு.

அவள் எழுந்து நின்றாள். "நான்தான் சார்," என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். வந்தவர்கள் முன்னால், என் நிலத்தில், என் குட்டைக் கரையில், நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல எனக்கென்ன வந்தது? அவளே ஏற்றுக்கொண்டாள், முடிந்தது. ஆனால் சார் அந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தையல் என்னமோ பிரமாதமாத்தான் போட்டிருக்கீங்க" என்றார் அவளிடம்.

அவளிடம்!

"யாரு? இவளா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, மலைக்கு அந்தப் பக்கம் வரை. "சார், இவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. இவ ரவிக்கைக்குக் கொக்கி வச்சுத் தந்தவளே நான்தான். அந்தத் தையலு என் தையலு! கிழிஞ்சு கெடக்குதுன்னு நெனச்சுத் தெச்சேன். கிழிஞ்ச எலையை விருந்தாளி முன்னால போடற வூடு இல்ல எங்க வூடு!"

தவளை ஒன்று குட்டைக்குள் குதித்தது.

சார் அவளைப் பார்த்தார். "அப்போ பிளவு இருந்தாத் தண்ணி அது வழியா ஓடிடாதா? இந்த அம்மா தச்சது நியாயம்தானே."

"ஓடாது சார். பிளவு மெல்லிசா இருந்தா தண்ணி அதுலயே ஒட்டிக்கும்." என் பக்கம் திரும்பினாள். "தேனெடுக்கும்போது வெரலுக்கு நடுவுல தேன் நிக்குமேக்கா, அது மாதிரி. சொறிமீன் குஞ்சு எட்டு இதழாத்தான் இருக்கும். நடுவுல இருக்கிற எடத்தத் தண்ணியே தெச்சுக்கும். நூலே வேணாம்."

தண்ணீரே தைக்கும். இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. சாப்பிட்டுக் கிளம்பணும். மூணு மணிக்குள்ள கீழ எறங்கியாகணும். அதுக்குள்ள முடிஞ்சா காட்டுங்க. இல்லேன்னா எழுதிட்டுப் போறேன்."

நான் சார் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். தைத்தது நான், பிரிக்கிறதும் நான். ஒவ்வொரு நூலாக ஊசி முனையால் தூக்கி, கத்தரித்து, இழுத்தேன். உள்ளே சாரையும் நோட்டு அம்மாவையும் இலை முன்னால் உட்காரவைத்தாயிற்று. மருமகளைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன்.

"மெதுவா போடு. சாமைச் சோறு முடிஞ்சா மறுபடி சோறு. கொழம்பு முடிஞ்சா மறுபடி கொழம்பு. நான் வந்து கை கழுவச் சொல்ற வரைக்கும் யாரையும் எழுந்திருக்க வுடாத."

"எத்தினி வாட்டி அத்தே போடறது?"

"அவுங்க மல்லாந்து படுக்கிற வரைக்கும்."

கடைசி நூலை உருவியபோது இதழ் ஓரமெல்லாம் ஊசித் துளைகள். அவள் வாங்கிக்கொண்டு குட்டைக்குப் போனாள், நடந்துதான் போனாள், ஓடவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும்போல் எனக்கு இருந்தது. தண்ணீரில் விட்டாள். சுருங்கியது. விரிந்தது. நேராகப் போனது.

நானும் பலகையில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒரு சுருக்கு, ஒரு விரற்கடை. பிறகு சும்மா. அந்தச் சும்மாவில் இதழெல்லாம் விரிய, கொஞ்சம் போனது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். என் பேறுகாலத்தில்கூட நான் இப்படிப் பல்லைக் கடித்ததில்லை.

"அது போற வேகத்துக்குப் பொங்கலே வந்துடும் போல கீதே!"

"இருங்கக்கா, பாப்போம்."

பாதி தூரம் தாண்டியபோது வீட்டுக்குள்ளிருந்து மருமகள் குரல் கேட்டது. "பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்தறேன் சார், கூச்சப்படாதீங்க." சார் வேண்டாம் வேண்டாம் என்பதும், ஊற்றுகிற சத்தமும் கேட்டது. மல்லாந்து கிடந்தாலும் என் மருமகள் சொன்ன வேலையைச் செய்வாள்.

முக்கால் தூரம் போனபோது சார் எழுந்துவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே எழுந்தார். அவரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை என்று மருமகள் பிறகு சொன்னாள். கை கழுவி, ஈரக் கையோடு எதிர்க்கரைக்கு வந்து நின்றார். பின்னாலேயே நோட்டு அம்மா, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

கரைக்கு நாலு விரற்கடை இருக்கும்போது, அது சுருங்கியது. டப்பியில் தெரிந்த சின்ன வெளிச்சம் அணைந்தது.

"பேட்டரி போச்சு," என்றார் சார். "அடடா. இவ்வளவு தூரம் வந்துச்சே." பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துவிடக் குனிந்து கையை நீட்டினார்.

"கை வைக்காதீங்க சார்!"

இரண்டு வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். மரத்திலிருந்த காக்கை எழுந்து போயிற்று. சார் குனிந்த நிலையிலேயே, கையை நீட்டியபடியே நின்றுவிட்டார், வயிற்றில் அத்தனை பாயசத்தோடு.

காற்று இல்லை. குட்டை மேல் விழுந்த புளிய இலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. சுருங்கிப் போயிருந்த அந்த ரப்பர் உடம்பு மெல்ல, ஒவ்வொரு இதழாக, விரியத் தொடங்கியது. கம்பி தளர்கிறது, வேறொன்றுமில்லை. விரிய விரிய நகர்ந்தது. மூன்று விரற்கடை. இரண்டு. இதழ் ஒன்று கரைப் புல்லைத் தொட்டு மடங்கியது.

சார் நிமிர்ந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எழுதிக்கோங்க," என்றார் நோட்டு அம்மாவிடம்.

"கை கழுவுங்க," என்றேன் நான். அப்போதுதான் சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

அவளுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. ஆனால் இங்கே இல்லை. உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டுமாம், கடலோரமாகப் போய்விட்டாள். பெட்டி கட்டின அன்று கேட்டேன். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"காலையிலயே பாத்துட்ட. கத்தரி பக்கத்துலயே கெடந்துச்சு. ஏன் வெட்டல? என் மனசு நோவும்னா? இல்ல, எப்டி சுத்துதுன்னு பாக்கணும்னா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எவ்வளவு நேரம் துடைப்பாள்!

"ஆட்டோ வந்துடுச்சுக்கா," என்றாள்.

அவள் போன பிறகு அறையைக் கூட்டினேன். சுவரில் கரிப் படங்கள் அப்படியே இருந்தன, தட்டும் மணியும் பெட்டியும் மல்லாந்து கிடப்பதும். அவற்றுக்குக் கடைசியில் புதிதாக ஒன்று. கிண்ணம் மாதிரிதான், எட்டு இதழ். ஐந்து பிளவில் தையல் போட்டிருந்தது. பக்கத்தில் வளையம் வளையமாக ஒரு கோடு, செக்கு சுற்றுகிற மாதிரி. கிண்ணத்துக்கு மேலே ஒரு கொண்டை.

"அத்தே, இது நீங்கதான்," என்று மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன தையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அந்த ஒரு படத்தை மட்டும் விடச் சொன்னேன். ஆசையினால் இல்லை. அவள் வரைந்ததில் தையல் கோணலாக இருக்கிறது. என் தையல் ஒருநாளும் கோணினதில்லை. வந்து திருத்திவிட்டுப் போகட்டும்.